பெயர் கடைசியில் வரட்டும்: காட்டுச்செடிக் கணக்கெடுப்பில் இறங்குபவர்களுக்கு

புதிதாகத் தாவரக் கணக்கெடுப்பில் இறங்குபவர்கள் ஒரு செடியைப் பார்த்ததும் கேட்பது "இதன் பெயர் என்ன?" என்றுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் ஆண்டு முடிவில் நீளமான பெயர்ப் பட்டியல் ஒன்று கையில் இருந்தது. அதில் பாதிப் பெயர்களை எதை வைத்து எழுதினேன் என்று கேட்டால் சொல்ல எதுவும் இல்லை. செடியை எடுத்து வைக்கவில்லை, குறிப்பு எழுதவில்லை, எங்கே பார்த்தேன் என்பதும் மறந்துபோயிருந்தது. அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

"இந்தச் செடி, இந்த இடத்தில், இந்த நாளில் இருந்தது" என்பதற்குச் சான்று சேர்ப்பதே கணக்கெடுப்பு. பெயர் அந்தச் சான்றின் மேல் ஒட்டும் சீட்டு. சீட்டு தப்பாக இருந்தால் யாராவது திருத்துவார்கள். சான்றே இல்லை என்றால் திருத்தக்கூட வழியில்லை. அதனால் முதலில் இடம், அடுத்து குறிப்பு, பிறகு மாதிரி, எல்லாம் முடிந்த பின் பெயர் என்ற வரிசையில் போவோம்.

எல்லை சின்னதாக இருக்கட்டும்

ஒரு குன்று, அல்லது ஓர் ஏரியும் அதன் கரையும், அல்லது ஓடை ஒன்றின் இரண்டு மூன்று கிலோமீட்டர். நடந்தே ஒரு நாளில் சுற்றிவர முடிகிற இடமாக எடுங்கள். வரைபடத்தில் எல்லையைக் கோடிட்டு, உள்ளே என்னென்ன வாழிடங்கள் இருக்கின்றன என்று தனித்தனியாகக் குறியுங்கள்: பாறை இடுக்கு, நிழலான ஓடைக்கரை, தண்ணீர் தேங்கும் பள்ளம், தரிசு, வேலியோரம், இடிந்த சுவர், மரப்பட்டை. ஒவ்வொன்றிலும் வேறு வேறு செடிகள் இருக்கும். பாதையை விட்டு இறங்காதவர்களின் பட்டியலில் பாதையோரச் செடிகள் மட்டும்தான் இருக்கும். பல பட்டியல்களைப் பார்த்தவுடனேயே இது தெரிந்துவிடும்.

இடத்தைப் போலவே காலமும் முக்கியம். செங்காந்தளை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கிழங்கிலிருந்து துளிர்த்து, பற்றி ஏறி, பூத்து, காய்த்து, வறண்ட மாதங்களில் மண்ணுக்கு மேலே ஒரு தடயமும் இல்லாமல் போய்விடும். கோடையில் மட்டும் போனவருக்கு அந்த இடத்தில் செங்காந்தளே கிடையாது. முதல் மழைக்குப் பின் சில வாரங்கள் மட்டும் உயிர்வாழும் சிறு செடிகள் இன்னும் மோசம். குறைந்தது மாதம் ஒருமுறை என்று ஓர் ஆண்டு முழுக்கப் போங்கள். இரண்டு ஆண்டு போனால் நல்லது, ஏனென்றால் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி மழை பெய்வதில்லை.

எப்போது போதும் என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கட்டம் போட்ட தாளில் கிடையாக எத்தனையாவது பயணம் என்பதையும், செங்குத்தாக அதுவரை கண்ட மொத்தச் சிற்றினங்களின் (தனித்தனிச் செடி வகைகளின்) எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டே வாருங்கள். கோடு முதலில் செங்குத்தாக ஏறும், பிறகு சாய்ந்து படுக்கும். படுத்த பின்னும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒரு சிறு எழுச்சி வரும். அந்த எழுச்சியும் அடங்கிய பிறகு எண்ணிக்கையைப் பற்றிப் பேசலாம்.

கிளம்பும் முன் அனுமதி. பாதுகாக்கப்பட்ட காடு என்றால் ஓர் இலையை எடுக்கக்கூட எழுத்து அனுமதி தேவைப்படலாம்; தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகம் குறித்த சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியல்களில் இருக்கிறது. உலர்ந்த மாதிரியாக இருந்தாலும் காகிதங்கள் இல்லாமல் நாடு தாண்டி அனுப்பினால் சிக்கல்தான்.

கையில் என்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கழுத்தில் மாட்டும் கயிறோடு. பென்சில் (மழையில் பேனா மை கரையும்), தடித்த அட்டை போட்ட குறிப்பேடு, செடி கத்தரிக்கும் கத்தரி, தோண்டச் சிறு கரண்டி, அளவுகோல், பழைய செய்தித்தாள், பெரிய பிளாஸ்டிக் பைகள், ஜிபிஎஸ் உள்ள கைபேசி. அவ்வளவுதான். இதற்கு மேல் வாங்குகிற எதுவும் முதல் ஆண்டில் பையில் கனமாகக் கிடக்கும்.

குறிப்பேடு

இந்த வேலையில் ஒன்றே ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்வேன் என்று நீங்கள் முடிவெடுத்தால், அது குறிப்பு எழுதுவதாக இருக்கட்டும். உலர்ந்த செடியில் இலையின் வடிவம் இருக்கும், நரம்பு இருக்கும், பூவின் உறுப்புகள் இருக்கும். நிறம் போய்விடும், மணம் போய்விடும், பால் வந்ததா என்பது தெரியாது, மரமா செடியா என்பதுகூடத் தெரியாது. தாளில் தங்காத எல்லாவற்றையும் குறிப்பேடுதான் காப்பாற்ற வேண்டும்.

முதலில் எண். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு சேகரிப்பு எண் கொடுங்கள். ஒன்றில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் ஒரே வரிசையாகப் போகட்டும். ஆண்டு மாறினாலும் ஊர் மாறினாலும் மறுபடி ஒன்றுக்குத் திரும்பாதீர்கள். உங்கள் பெயரும் அந்த எண்ணும் சேர்ந்ததுதான் அந்த மாதிரியின் அடையாளம். பிற்பாடு ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் காட்டுவதும் அதைத்தான்.

அப்புறம் நாள், இடம், அகலாங்கு நெட்டாங்கு, கடல்மட்டத்திலிருந்து உயரம், வாழிடம், மண், நிழல், செடியின் தோற்றம், சுற்றுவட்டத்தில் எத்தனை இருந்தன என்பது. இப்படி:

"எண் 214. ஓடைக்கரை, மணல் கலந்த ஈரமண், பாதி நிழல். நேராக வளரும் செடி, உயரம் 40 செ.மீ. தண்டு நான்கு பட்டை. இலையைக் கசக்கினால் மணம். பூ வெள்ளை, கீழுதட்டில் ஊதாப் புள்ளிகள். 10 மீட்டருக்குள் ஏறத்தாழ 20 செடிகள்."

"அழகான வெள்ளைப் பூ, நிறைய இருந்தது" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. எருக்கைக் கிள்ளினால் வெள்ளைப் பால், பிரம்மதண்டைக் கிள்ளினால் மஞ்சள் பால். இந்த ஒரு சொல் பல பக்கத் தேடலை மிச்சப்படுத்தும். (எருக்கின் பால் கண்ணில் பட்டால் கருவிழியையே பாதிக்கும். கிள்ளிப் பார்த்த கையைக் கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள்.)

குறிப்பை அங்கேயே, செடியின் முன்னால் நின்று எழுதுங்கள். மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட குறிப்புகளில் ஒரு செடியின் நிறம் இன்னொரு செடிக்குப் போய்விடும், எனக்கு நடந்திருக்கிறது.

படம் எடுப்பதும் குறிப்பின் ஒரு பகுதிதான். முழுச்செடி, இலையின் மேல்புறம், அடிப்புறம், இலை தண்டோடு சேரும் கணு, பூ முன்பக்கம், பூ பக்கவாட்டில், காய். ஒவ்வொரு வரிசையின் முதல் படத்திலும் சேகரிப்பு எண் எழுதிய சீட்டும் அளவுகோலும் தெரியட்டும். பூவை மட்டும் நெருக்கமாக எடுத்த படங்கள் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும், இனம் காண உதவாது.

மாதிரி எடுத்தல், அழுத்துதல்

பூவும் காயும் உள்ள கிளையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் கிடைக்காவிட்டால் இன்னொரு பயணத்தில் மற்றதை எடுத்து வேறு எண் கொடுங்கள். இலை மட்டும் உள்ள கிளை பெரும்பாலும் வீண். புல், கோரை, சிறு பூண்டுகள் (மரத்தண்டில்லாத சிறு செடிகள்) என்றால் வேரோடு வேண்டும், ஏனென்றால் ஓராண்டுச் செடியா பல்லாண்டுச் செடியா என்பது அடியில்தான் தெரியும்.

இருபது செடி இருந்தால் ஒன்று எடுக்கலாம் என்பது களப்பணியாளர்கள் பின்பற்றும் ஒரு கணக்கு. அதற்குக் குறைவாக இருந்தால் படமும் குறிப்பும் போதும். அரிய செடியின் கடைசிக் கிழங்கைத் தோண்டி எடுத்து "இங்கே இருந்தது" என்று பதிவுசெய்வதைப் போல அபத்தம் வேறில்லை.

அன்றைக்கே அழுத்திவிடுங்கள். மடித்த செய்தித்தாளுக்குள் செடியைப் பரப்பி, ஒன்றிரண்டு இலைகளைத் திருப்பி அடிப்புறம் தெரியும்படி வையுங்கள். நீளமான புல்லை ஆங்கில வி அல்லது என் வடிவத்தில் மடித்து வைக்கலாம். நுனியை வெட்டி எறியக் கூடாது. பூக்கள் சிலவற்றைத் தனியாகவும் ஒரு சிறு மடிப்பில் போட்டு வையுங்கள், பின்னால் பிரித்துப் பார்க்க அவைதான் உதவும். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கயிற்றால் இறுக்கி, முதல் சில நாட்கள் தினமும் தாளை மாற்றுங்கள். மாற்றத் தவறினால் பூஞ்சை பிடிக்கும். சதைப்பற்றுள்ள செடிகள் தாளுக்குள்ளேயே துளிர்விட்டுக்கொண்டிருக்கும். அவற்றைப் பூவைத் தவிர்த்துக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் அடங்கும். நீர்ச்செடிகளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டு, அடியில் தாளைச் செருகி மெல்லத் தூக்க வேண்டும். தண்ணீரை விட்டு வெளியே எடுத்தால் நூல் கற்றையாகச் சுருண்டுவிடும்.

உலர்ந்ததும் பூச்சி ஒழிய மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் உறைய வைத்து, ஏறத்தாழ 42 × 28 செ.மீ. அளவுள்ள கனமான தாளில் ஒட்டி, கீழே வலது மூலையில் விவரச் சீட்டு வைப்பது வழக்கம். பழைய உலர்தாவரகம் (உலர்ந்த தாவர மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கும் இடம்) ஒன்றில் வேலை பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் பூச்சி வராமலிருக்கத் தாள்களுக்குப் பாதரசக் குளோரைடு தடவினார்கள். அந்த நஞ்சு இன்னும் அவற்றில் இருக்கிறது.

முதலில் குடும்பம்

சரி, இப்போது பெயருக்கு வருவோம். நேராகச் சிற்றினப் பெயருக்குத் தாவாதீர்கள். குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டால் தேட வேண்டிய பரப்பு பல மடங்கு குறைந்துவிடும். பூக்கும் தாவரங்களில், ஏபிஜி என்ற தாவரவியலாளர் குழு 2016-இல் வெளியிட்ட ஏபிஜி-4 வகைப்பாட்டின்படி, 416 குடும்பங்கள் இருக்கின்றன. பயப்பட வேண்டாம். சூரியகாந்திக் குடும்பம், ஆர்க்கிட் குடும்பம், அவரைக் குடும்பம், காப்பிக் குடும்பம், புல் குடும்பம் ஆகிய ஐந்தில் மட்டுமே பூக்கும் தாவரங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அடங்கிவிடுகிறது. உங்கள் வட்டாரத்தில் அடிக்கடி வரும் பதினைந்து இருபது குடும்பங்களைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது.

தண்டு சதுரம், இலைகள் எதிரெதிராக, பூவுக்கு மேலுதடு கீழுதடு, காய்க்கும்போது நான்கு சிறு கொட்டைகள் என்றால் தும்பையின் குடும்பம். இலைகள் எதிரெதிராக, விளிம்பில் பல் இல்லாமல், இரண்டு இலைக்காம்புகளுக்கும் நடுவே தண்டில் ஒரு சிறு செதில், சூலகம் (பின்னால் காயாகும் பகுதி) இதழ்களுக்குக் கீழே என்றால் நுணாவின் குடும்பம், அதாவது காப்பிக் குடும்பம். எதிரெதிர் இலையும் பாலும் சேர்ந்து வந்தால் எருக்கின் குடும்பத்தை முதலில் பாருங்கள். மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து குழாய்போல் சூல்தண்டைச் சுற்றியிருந்தால் துத்தியின் குடும்பம். ஒரு பூ என்று நினைத்ததைப் பிரித்தால் உள்ளே பத்து நூறு குட்டிப் பூக்கள் இருக்கின்றனவா? சூரியகாந்திக் குடும்பம். தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள்: மூன்று பட்டையாகத் தட்டுப்பட்டால் பெரும்பாலும் கோரை, உருண்டையாக ஓடினால் பெரும்பாலும் புல். கோரையில் இலைகள் மூன்று வரிசையாகவும் புல்லில் இரண்டு வரிசையாகவும் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

தொடக்கத்தில் எல்லோரையும் தடுக்கிவிடுவது தனியிலையா கூட்டிலையா என்ற கேள்வி. இலை என்றால் அதன் கக்கத்தில், அதாவது அது தண்டோடு சேரும் இடுக்கில், மொட்டு இருக்கும். சிற்றிலையின் கக்கத்தில் இருக்காது. கீழாநெல்லியைப் பாருங்கள். பார்வைக்குப் புளியிலை மாதிரிக் கூட்டிலையாகத் தெரியும். ஆனால் "சிற்றிலை" ஒவ்வொன்றின் கக்கத்திலும் பூவும் காயும் தொங்குகின்றன. ஆகவே அவை தனித்தனி இலைகள். நாம் காம்பு என்று நினைத்தது சிறுகிளை. இந்த ஒரு செடியில் இதைப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

திறவுகோலைப் பயன்படுத்துவது

வட்டாரத் தாவர நூல்களில் திறவுகோல் இருக்கும். இரண்டு கூற்றுகளைக் கொடுத்து, உங்கள் செடிக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்து அடுத்த எண்ணுக்குப் போகச் சொல்வார்கள். முதல் கூற்று பொருந்திவிட்டதே என்று இரண்டாவதைப் படிக்காமல் ஓடாதீர்கள். இரண்டையும் படித்தால்தான் ஆசிரியர் எதை எதிலிருந்து வேறுபடுத்துகிறார் என்பது புரியும். "இலை சிறியது" என்று இருந்தால் கண்ணை நம்பாமல் அளந்து பாருங்கள், அதுவும் ஓர் இலையை மட்டுமல்ல, ஐந்தாறு இலைகளை. எந்தக் கூற்று என்று முடிவெடுக்க முடியாத இடத்தில் இரண்டு வழியிலும் போய்ப் பாருங்கள். தப்பான வழி சில படிகளில் அபத்தமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். போன வழியின் எண்களை ஓரத்தில் குறித்து வைத்தால் எங்கே திரும்பிவர வேண்டும் என்று தெரியும்.

உலர்ந்த பூவைச் சுடுநீரில் சில நிமிடங்கள் ஊறவிட்டால் இதழ்கள் பிரியும். சூலகத்தைக் குறுக்கே வெட்டிச் சூலறைகளை எண்ணுங்கள். கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பூவைத்தான் அருகே கொண்டுவர வேண்டும். தலைகீழாகச் செய்துவிட்டு லென்ஸ் சரியில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

திறவுகோல் ஒரு பெயரில் கொண்டுவந்து விட்டதும் வேலை முடிந்துவிடாது. நூலிலுள்ள முழு விவரிப்பை வரிவரியாகச் செடியோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் உலர்தாவரகத்தில் அதே பெயருள்ள தாளோடும், அதன் நெருங்கிய உறவினரின் தாளோடும் ஒப்பிடுங்கள். கீழாநெல்லியைப் போலவே தெரியும் ஃபில்லாந்தஸ் யூரினேரியாவின் காய் ஏறக்குறைய காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு, மேலே சொரசொரப்பாக இருக்கும். கீழாநெல்லியான ஃபில்லாந்தஸ் அமாரஸின் காய்க்குக் காம்பு உண்டு, மேற்பரப்பு வழவழப்பு. காயைப் பார்க்காமல் இரண்டையும் ஒரே பெயரில் எழுதி வைத்திருந்தேன்.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பம், பேரினம் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) வரை பல நேரம் சரியாகச் சொல்லும். சிற்றினத்தைப் பிரிப்பது சூலறையும் விதையும் என்கிற இடத்தில், படத்தில் இல்லாததை அது எப்படிப் பார்க்கும்?

முடிவுக்கு வர முடியவில்லையா, அப்படியே எழுதுங்கள். பேரினம் மட்டும் தெரிந்தால் பேரினப் பெயருக்குப் பின் "எஸ்பி." என்று நிறுத்தலாம். ஒரு சிற்றினத்தை ஒத்திருக்கிறது, உறுதியில்லை என்றால் நடுவில் "சிஎஃப்." என்று போடுவது மரபு. உறுதியில்லாத இடத்தில் ஒரு பெயரைத் துணிந்து எழுதுவதைவிட இது மேல். புதுச் சிற்றினம் கண்டுபிடித்துவிட்டோம் என்ற பரபரப்பு எல்லோருக்கும் ஒருமுறை வரும். பெரும்பாலும் அது நன்கு தெரிந்த செடி நிழலில் வளர்ந்து இலை பெருத்ததாக இருக்கும்.

பெயர்கள் ஏன் மாறுகின்றன

நாட்டுவழக்குப் பெயர்களை அவசியம் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அவற்றை வைத்து வகைப்படுத்த முடியாது. வெள்ளைப் பூவுள்ள எக்லிப்டா ப்ராஸ்ட்ரேட்டாவும் கரிசலாங்கண்ணி, மஞ்சள் பூவுள்ள ஸ்பாக்னெட்டிகோலா கலெண்டுலேசியாவும் கரிசலாங்கண்ணி. பேரினமே வேறு. இதற்காகத்தான் பேரினம், சிற்றினம் என்று இரண்டு சொல்லில் வைக்கும் இருசொற் பெயர். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூல்தான் தாவரப் பெயர்களுக்கு இன்றும் தொடக்கப் புள்ளி.

அறிவியல் பெயரும் மாறாதது கிடையாது. தேக்கு பழைய நூல்களில் வெர்பினேசி குடும்பம், இப்போது தும்பையோடு லேமியேசி குடும்பத்தில். எருக்கு முன்பு அஸ்க்லெபியடேசி, இப்போது அப்போசைனேசி. கீழாநெல்லி ஆமணக்குக் குடும்பத்தை விட்டுப் பிரிந்து ஃபில்லாந்தேசியில் இருக்கிறது. டிஎன்ஏ சான்றுகளால் உறவுமுறை திருத்தப்பட்டதன் விளைவு இது. ஏபிஜி குழுவின் முதல் வகைப்பாடு வந்தது 1998-இல். கருவேலத்தின் கதை வேறு மாதிரி. அகேசியா என்ற பெரிய பேரினத்தைப் பிரித்தபோது அந்தப் பெயர் யாருக்கு என்ற வழக்கு பன்னாட்டுத் தாவரவியல் மாநாடுகளில், 2005-இல் வியன்னாவிலும் 2011-இல் மெல்பர்னிலும், பேசப்பட்டு, பெயர் ஆஸ்திரேலியச் சிற்றினங்களுக்குப் போனது. கருவேலம் வாச்சேலியா ஆனது.

உங்களுக்கு இதனால் வரும் வேலை ஒன்றுதான். எந்த நூலைக் கொண்டு இனம் கண்டீர்களோ அந்த நூலின் பெயரை எழுதி, பிறகு லண்டனிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவின் இணையப் பட்டியல் போன்ற ஒன்றில் இன்று ஏற்கப்பட்ட பெயரைச் சரிபார்த்து இரண்டையும் பதியுங்கள். பல பழைய நூல்கள், 1862 முதல் 1883 வரை வெளிவந்த, பெந்தம், ஹூக்கர் என்ற இரு தாவரவியலாளர்களின் முறையில் குடும்பங்களை வரிசைப்படுத்தியிருக்கும். தேடும் பக்கம் கிடைக்காதபோது இது நினைவில் இருந்தால் உதவும்.

பட்டியலும் அளவும்

பட்டியலில் குடும்ப வாரியாக ஏற்கப்பட்ட பெயர், நாட்டுவழக்குப் பெயர், வாழிடம், பூக்கும் மாதங்கள், எவ்வளவு பரவல், சேகரிப்பு எண். இதோடு இன்னொரு நெடுவரிசை மிக அவசியம்: இயல் தாவரமா, வெளியிலிருந்து வந்து தானே பரவியதா, நட்டு வளர்த்ததா. உண்ணிச்செடி எங்கும் காடாக மண்டிக் கிடக்கிறதென்பதால் அது எல்லா இடத்துக்கும் சொந்தமாகிவிடாது. அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது.

எது எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிக்கையில் வேண்டுமென்றால் சதுரங்கள் போட்டு எண்ண வேண்டும். பூண்டுகளுக்கு 1 × 1 மீட்டர், புதர்களுக்கு 5 × 5, மரங்களுக்கு 10 × 10 என்பது பரவலான அளவு. சதுரத்தை எங்கே போடுவது என்பதைக் கண் தீர்மானிக்கக் கூடாது, கண் எப்போதும் பூத்த இடத்துக்குத்தான் போகும். வரைபடத்தில் கட்டம் போட்டுக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக, தாள்களை வீட்டு அலமாரியில் வைத்திராதீர்கள். பதிவுபெற்ற உலர்தாவரகம் ஒன்றோடு பேசி ஒப்படையுங்கள். ஒரே செடியிலிருந்து இரண்டு தாள் எடுத்திருந்தால் ஒன்று உங்களிடம் இருக்கலாம். அங்கே வரும் நிபுணர் உங்கள் பெயரைத் திருத்தினால், பழைய சீட்டைக் கிழிக்காமல் பக்கத்தில் புதுப் பெயரும் நாளும் தன் பெயரும் எழுதிய சீட்டை ஒட்டுவார். நான் கொடுத்த தாள்களில் ஒன்றில் இப்போது மூன்று சீட்டுகள் இருக்கின்றன. அடியில் இருக்கும் என் பெயர் தப்பு, அடுத்ததும் தப்பு. மூன்றாவதை எழுதியவர் அதற்கான காரணத்தையும் அடியில் குறித்திருந்தார்: "சேகரித்தவர் குறிப்பின்படி, பால் மஞ்சள்."